ஒரு பல் தள்ளி மாட்டிய ஷாஃப்ட்

போன மாதம் எங்கள் ஊர் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். வேன் ஒன்றுக்கு சென்டர் பேரிங் மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் மறுபடி போய்விட்டது, போட்டது புதுப் பேரிங்தான், என்ன காரணமாக இருக்கும் என்று. ஐந்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. டிரைவர் கிளட்ச்சைப் படக்கென்று விடுகிறான், ஆளை மாற்றச் சொல்லுங்கள் என்று ஒருவர் போட்டிருந்தார். அதற்கு நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

நான் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. குழுவில் எதுவும் எழுதுவதில்லை. காலையில் யாராவது அனுப்பும் மலைப் படத்தைப் பார்ப்பதோடு சரி. அன்றைக்கு பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன். போனில் முடிகிற விஷயமாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என்ஜின் முன்னால் இருக்கிறது, ஓட வேண்டிய சக்கரம் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வண்டிக்கு அடியில் ஒரு நீளமான இரும்புக் குழாய் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் ஷாஃப்ட். நீள வேனில் ஒரே துண்டாகப் போட்டால் வளைந்து ஆடும் என்று இரண்டு துண்டாகப் போட்டு, நடுவில் ஒரு பேரிங்கில் தாங்கி நிறுத்தியிருப்பார்கள். பேரிங்கைச் சுற்றி தடித்த ரப்பர், ரப்பரைச் சுற்றி இரும்புப் பட்டை, பட்டை வண்டியின் அடிச்சட்டத்தில் இரண்டு போல்ட்டில் தொங்கும். ரப்பர் கிழிந்தாலோ பேரிங் காய்ந்தாலோ நடு சீட்டில் உட்கார்ந்திருப்பவர் காலுக்கடியில் ஓர் உறுமல் வரும். ஆரம்பத்தில் அது பயணிக்குத் தெரியாது. டிரைவருக்குத் தெரியும்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அவலூர்பேட்டை ரோட்டில் தஸ்தகீர் பாயின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். முதல் ஆறேழு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கழுவினேன், கழற்றினேன், மாட்டினேன். பிறகு, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழியில் தனியாக இறங்கும் அளவுக்கு வந்தேன். இன்னும் கொஞ்ச காலத்தில் வேன் என்றால் சேகரிடம் விடு என்று ஊரில் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

பாய் அதிகம் பேசாத மனிதர். எந்த வண்டி வந்தாலும் முதலில் பானட்டைத் திறக்க மாட்டார். டிரைவரைக் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைப்பார். “சத்தம் எப்ப வருது? ஏத்தத்துலயா, எறக்கத்துலயா? ஆளு ஜாஸ்தியா இருக்கும்போதா, கம்மியா இருக்கும்போதா?” என்று கேட்டுவிட்டு, கையிலிருக்கும் வேஸ்ட் துணியால் விரல் விரலாகத் துடைத்தபடி கேட்டுக்கொண்டே இருப்பார். டிரைவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். எங்களில் யாராவது தப்பு செய்தால் திட்டவும் மாட்டார். தப்பாக மாட்டியதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் தப்பு எங்கே என்று நாங்களே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

சென்டர் பேரிங் வேலையை அவர் செய்வதைப் பார்த்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவார். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார். நியூட்ரலில் போட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றிவிட்டு, நீள ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையைப் பட்டையில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். பிறகு உளியும் சின்ன சுத்தியலும் எடுப்பார். கழற்றப் போகும் ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு கோடு போடுவார். எது எதோடு எப்படி இருந்ததோ அப்படியே திரும்பச் சேர வேண்டும். அதிலும் ஷாஃப்டின் இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இடம் பல் பல்லாக இருக்கும். எந்தப் பல்லில் வேண்டுமானாலும் நுழையும். அதனால்தான் அங்கே கோடு ஆழமாக இருக்க வேண்டும் என்பார்.

ஷாஃப்டைத் தொங்க விடமாட்டார். கழற்றுமுன் கயிற்றில் தாங்கி வைப்பார். பட்டைக்கு மேலே மெல்லிய தகடுகள் இருந்தால் எண்ணி, வரிசை மாறாமல் கம்பியில் கோத்துவைப்பார். பழைய பேரிங்கைப் புல்லர் போட்டு இழுத்து, அது உட்கார்ந்த இடத்தை நைஸ் எமரித் தாளால் தேய்த்து, எண்ணெய் தடவி, புதியதைக் குழாய் வைத்து உள்வளையத்தை மட்டும் தட்டி இறக்குவார். வெளிவளையத்தில் ஒரு அடி விழுந்தாலும் அந்தப் பேரிங்கைத் தூக்கி எறிந்துவிடுவார். எல்லாம் மாட்டியபின் பட்டையின் இரண்டு போல்ட்டை மட்டும் லூசாக வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, பேரிங் தனக்கான இடத்தில் தானே அமர்ந்தபிறகுதான் இறுக்குவார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். கையால் செய்து பழகியிருந்தேன்.

செங்கம் ரோட்டில் ஆசிரமப் பகுதியில் லோகநாதன் என்பவர் தங்கும் விடுதி நடத்திவந்தார். வருகிற வெளியூர், வெளிநாட்டு ஆட்களை சென்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவரவும் கொண்டுபோய் விடவும் ஒரு வேன் வைத்திருந்தார். டிரைவர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒன்பது வருஷமாக அந்த ஒரே வண்டியை ஓட்டிவந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். சீட்டில் ஏறியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். பெடல் காலுக்குத் தெரியணும்ணா என்பார். வருஷா வருஷம் வந்து இரண்டு மாதம் தங்கிப்போகும் ஒரு வெள்ளைக்கார அம்மா, ஏழுமலை ஓட்டினால்தான் ஏறுவேன் என்பாராம்.

அந்த வேனுக்கு முதல் தடவை சென்டர் பேரிங் போனது ஒரு பௌர்ணமிக்கு முந்தைய நாள். பாய் மகளின் பிரசவத்துக்காக வேலூருக்குப் போயிருந்தார். ஒர்க்‌ஷாப்பில் ஏழெட்டு வண்டி நின்றது. எல்லாருக்கும் கிரிவலக் கூட்டம் சேர்வதற்குள் வண்டி வேண்டும். லோகநாதன் மூன்று தடவை போன் செய்துவிட்டார். நான் இணைப்புகளில் கோடு போடவில்லை. உளி எங்கேயோ கிடந்தது, தேட நேரமில்லை, பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கழற்றினேன், பேரிங் மாற்றினேன், மாட்டினேன். ஆள் ஏற்றாமல் ரயில்வே கேட் வரை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. ரப்பர் கிழிந்திருந்தது. பேரிங் மட்டமான சரக்கு என்று நினைத்து வேறு கம்பெனி பேரிங் வாங்கிவரச் சொன்னேன். இந்தத் தடவை அவசரம் இல்லை. உளியால் ஆழமாகக் கோடு போட்டு, இருந்தது இருந்தபடியே திரும்பச் சேர்த்தேன். பாயே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத வேலை. நான்கு மாதம் கழித்து மறுபடியும் வந்தது. அதே கிழிசல், அதே இடம்.

பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் லோகநாதன் நேரில் வந்துவிட்டார். ஏர்போர்ட் போகும் வழியில் செஞ்சி தாண்டி வண்டி நின்று, விமானத்தைத் தவறவிட்ட ஒருவர் அவரிடம் கத்தியிருக்கிறார். பேரிங் தப்பா, உன் வேலை தப்பா, எது என்று இப்போதே சொல் என்றார். பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஏழுமலை கொஞ்சம் தள்ளி, கையில் துணியோடு முன் கண்ணாடி பக்கத்தில் நின்றிருந்தார்.

“பேரிங்லயும் ஒண்ணும் இல்ல சார், வேலையிலயும் ஒண்ணும் இல்ல. கிளட்ச்ச படக்குனு வுட்டா இப்படித்தான் அடி வாங்கும்” என்றேன்.

அதைச் சொல்வதற்கு நான் எதையும் யோசிக்கவில்லை. அப்படியும் பேரிங் போவதுண்டு. பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் ஓட்டி நான் ஒருமுறைகூட பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஏழுமலை முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “நான் அப்டி வுட மாட்டேன்ணா” என்று மெதுவாகச் சொன்னார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கிவிட்டேன்.

அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். கேள்விப்பட்டபோது எனக்கு வருத்தமாக இருந்ததென்று சொன்னால் அது உண்மையில்லை. என் பேர் தப்பியது என்றுதான் இருந்தது. எங்கள் ஊர் வேன் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் ஏன் வேலையிலிருந்து நின்றான் என்பது மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும். வண்டியை அடிக்கிற டிரைவர் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் யார் சாவி கொடுப்பார்கள்?

புது டிரைவர் வந்தார். ஐந்து மாதம் ஓடியது. பேரிங் மறுபடியும் போனது.

அன்றைக்கு பாய் இருந்தார். எத்தனையாவது தடவை என்று கேட்டார். சொன்னேன். புதுப் பேரிங் பெட்டியை நான் பிரிக்கப் போனபோது, அது இப்போது வேண்டாம் என்று தடுத்தார். முழு ஷாஃப்டையும் இறக்கி, கெரசின் ஊற்றிக் கழுவி, மேஜைமேல் நீளமாக வைக்கச் சொன்னார். ஒரு முனையில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுமுனை வரை பார்த்தார். பிறகு என்னை அந்த இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, துணியை எடுத்து விரல் விரலாகத் துடைக்க ஆரம்பித்தார்.

பின்துண்டின் இரண்டு முனையிலும், அடுத்த பாகத்தோடு இணைக்க, காதுபோல் துருத்திய இரண்டிரண்டு இரும்புகள் உண்டு; காது என்போம். முன்முனைக் காதும் பின்முனைக் காதும் ஒரே நேரில் இருக்க வேண்டும். இருந்தால்தான் ஷாஃப்ட் சீராகச் சுற்றும். நான் பார்த்தபோது ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒரு பல். முதல் தடவை கோடு போடாமல் சேர்த்தபோது ஒரு பல் தள்ளி நுழைத்திருக்கிறேன். சுற்றும்போதெல்லாம் அது நடுப் பேரிங்கை உதைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அடுத்த இரண்டு தடவையும் அந்தத் தப்புக்குமேல் ஆழமாகக் கோடு போட்டு, தப்பு கொஞ்சமும் மாறாமல் பத்திரமாகத் திரும்பச் சேர்த்திருக்கிறேன்.

குழுவில் கேட்டவருக்கு என் பதில் இதுதான். மூன்று மாதத்தில் போகிற பேரிங்கை மாற்றுவதற்கு முன் ஷாஃப்டை இறக்கிக் காதுகளைப் பாருங்கள். டிரைவரைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பாய் என்னைக் கேட்டது ஒன்றுதான். “அந்த டிரைவர் பேரு இன்னா?”

“ஏழுமலை, பாய்.”

“போய் சொல்லிட்டு வா. வண்டிய நான் முடிச்சிக்கறேன்.”

நான் லோகநாதனிடம் போனேன். ஷாஃப்டில் ஒரு கோளாறு இருந்தது, கண்டுபிடித்துவிட்டோம், இனி வராது என்றேன். யார் செய்த கோளாறு என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சரி, வண்டி ஓடினால் போதும் என்றார். மறுநாள் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன். அவர் கிராமத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோ எதிரே நின்றிருந்தது. இரண்டு ஆட்டோ ஆள் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ஆள் ஊரில் இல்லை பாய் என்று சொன்னேன்.

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, நான் வேலை பார்க்கிற வண்டியின் டிரைவரோடு என்னைத் தனியாகப் பேசவிடவே மாட்டார். எங்கிருந்தாலும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொள்வார். எனக்குப் புரிந்தது. என்னவென்று யாருக்கும் தெரியாத அந்தத் தண்டனையோடு ஐந்து வருஷம் அவரிடம் வேலை செய்தேன். ஒரு ரம்ஜான் முடிந்த மாதத்தில் பாய் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய் கூட்டத்தின் பின்னால் நின்றேன். அவரிடம் சொன்ன பொய்யை அவரிடமே திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் அன்றோடு போனது.

ஏன் போகவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். முதல் வாரம் வெட்கம். ஒரு மாதம் ஆனபின், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வருஷம் ஆக ஆக அது ஏறிக்கொண்டே போனது. எங்கேயாவது வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

பாய் இறந்து இரண்டு வருஷம் கழித்து, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வந்த அடுக்கு வீட்டில் ஒரு கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டார்கள். கேட்டைத் திறந்த வாட்ச்மேன் ஏழுமலை. அளவு பெரிய நீலச் சட்டை தோளில் தொங்கியது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். வண்டி ஓட்டுவதில்லையா என்று கேட்டேன்.

“இல்லணா. நீ சொன்னது சரிதான், எனக்கு கால்ல நிதானம் இல்ல. அப்பறம் ரெண்டு எடத்துல ஓட்டிப் பாத்தேன். கிளட்ச்சுல கால வெச்சாலே நடுங்குது. சரியா வுடறனா, சரியா வுடறனானு அதே நெனப்பு. எதுக்கு வம்புனு வுட்டுட்டேன்.”

டாக்டர் சொன்ன வியாதி தனக்கு உண்மையிலேயே இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்ட நோயாளி மாதிரி, கோபம் கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோடு போடாதது, ஒரு பல், பாய் பார்த்தது, பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பியது. வேறு யாருடைய வண்டியைப் பற்றியோ கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இது எப்பணா தெரிஞ்சது உனக்கு?”

“ஏழு வருஷம் ஆவுது.”

வெளியே ஒரு கார் ஹார்ன் அடித்தது. ஏழுமலை போய் கேட்டைத் திறந்து, சல்யூட் வைத்து, கார் உள்ளே போனதும் மூடி, நோட்டில் நம்பரை எழுதினார். எழுதி முடித்தபின்னும் நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பி வந்தபோது என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

“எங்க ஊட்டுக்கு ஒருமுற வந்து இத சொல்லிட்டுப் போணா. நான் சொன்னா அவ நம்ப மாட்டா” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். இந்தத் தடவை ஷேர் ஆட்டோவில் ஏறினேன். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. மனைவி காசியம்மாள் கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கையில் மண் இருந்தது. எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு அவர் கதவோரம் நின்றுகொண்டார். ஏழுமலை தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் இருந்த தப்பு என்னுடையது, உங்கள் வீட்டுக்காரர் ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். ஷாஃப்ட், பல் எல்லாம் அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது. மற்றது புரிந்தது. நான் பேசிய நேரம் முழுக்க அவர் என்னைப் பார்க்கவே இல்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையிலேர்ந்து ஒரு டம்ளர் வுழுந்தாக்கூட, ஒழுங்கா வண்டி ஓட்டத் தெரியாத ஆளுதானன்னு சொல்லுவேன்” என்றார். “புள்ளைங்க எதிர்லயே சொல்லியிருக்கேன். பொண்ணு கல்யாணத்துல, சம்பந்தி ஊட்டுக்காரங்க எதிர்ல சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு. நீங்க இன்னிக்கு வந்து சொல்லிட்டீங்க. நான் இத எங்க போயி சொல்லுவேன்?”

“வுடு” என்றார் ஏழுமலை, சுவரைப் பார்த்தபடியே.

அந்த அம்மா உள்ளே போய்விட்டார். தண்ணீர் மொண்டு கை கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள் நாலு பேர் எனக்குத் தெரியும், நானே கூட வந்து சொல்கிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏழுமலையிடம் சொன்னேன். லைசென்ஸ் காலாவதியாகி நாலு வருஷம் ஆகிவிட்டது, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இனிமேல் யாருக்குண்ணா வேணும் என்றார். அதை ஆறுதல் சொல்கிற குரலில் எனக்குச் சொன்னார்.

ரோடு வரை கூட வந்தார். தூரத்தில் திருவண்ணாமலை போகிற ஷேர் வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது நிற்பதற்கு முன்பே ஏழுமலை தலையைக் கொஞ்சம் சாய்த்து, “சென்டர் பேரிங் ரப்பர் போவுதுணா இதுக்கு. இன்னும் ஒரு மாசம் தாங்காது. ஏறனதும் சொல்லிடு” என்றார்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஏறி நடு சீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு கிலோமீட்டர் போய் வண்டி வேகம் பிடித்தபிறகுதான் காலுக்கடியில் அந்த உறுமலை உணர்ந்தேன். ரோட்டோரத்தில் நின்றபடியே அவர் அதைக் கேட்டிருந்தார்.

ஊருக்குள் வந்து எல்லாரும் இறங்கியபின் டிரைவரிடம் போய்ச் சொன்னேன். முப்பது வயதிருக்கும். சென்டர் பேரிங் ரப்பர் கிழிகிறது, சீக்கிரம் காட்டிவிடு என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“நான் ஓட்றதுல எதுனா தப்புங்களா?”

“இல்லப்பா” என்றேன். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். நான் இறங்கி நடந்துவிட்டேன்.